மனைவிக்கு வந்த அழைப்பு



பிள்ளைகளின் தேர்வுக்கால அச்சத்தைப் பற்றி இத்திங்கள் எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தோம். அவ்வாக்கினின்று தவறுகிறோம்; பொறுத்தருள்க. தேர்வு ஆண்டுதோறும் வரும். நாம் இன்று எழுதப் புகும் செய்தியோ, ஒரு குடும்பத்தின் வாசலுக்கு ஒரே ஒருமுறை வந்து, 'மூன்று வாரத்திற்குள் விடை சொல்' என்று நிற்பது. வெளிநாட்டு வேலைக்கான அழைப்பைப் பற்றியே சொல்லுகிறோம்.

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்தபின், உபதேசியார் கோயில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். நம் பங்கைச் சேர்ந்த ஒரு தம்பதியர் பங்கு இல்லத்தின் திண்ணையருகே வந்து நின்றனர். கணவர் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் வரலாற்று ஆசிரியர். வயது நாற்பத்து மூன்று. மனைவி தனியார் மருத்துவமனை ஒன்றில் பதினாறு ஆண்டுகளாகச் செவிலியர். மகள் எட்டாம் வகுப்பிலும் மகன் நான்காம் வகுப்பிலும் பயில்கின்றனர். ஆசிரியரின் தாயார், எழுபத்தாறு வயதினர், இவர்களோடு வாழ்கிறார். அவர்தம் இசைவு பெற்றே இதை எழுதுகிறோம், பெயரைத் தவிர்க்கிறோம்.

இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையிலிருந்து அம்மையாருக்குப் பணி ஆணை வந்திருந்தது. அம்மையார் ஆங்கிலத் தேர்வெழுதித் தேறியதும், கணினிவழித் தேர்வில் வென்றதும், நேர்காணல் தந்ததும் எல்லாம் இரவுப் பணி முடிந்த காலை வேளைகளில். இரண்டாண்டு முயற்சி. கணவர் அதைத் தடுக்கவும் இல்லை, நடக்கும் என்று நம்பவும் இல்லை. நடந்துவிட்டது.

"சாமி, நீங்க ஒரு வார்த்த சொன்னா அவ கேப்பா" என்றார் ஆசிரியர். "சாமி, நீங்க சொன்னாத்தான் இவங்க வருவாங்க" என்றார் அம்மையார். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஆலோசனை கேட்க வருகிறவருள் பலர், தாம் முன்னரே எடுத்த முடிவுக்குக் குருவானவரின் முத்திரையைப் பெறவே வருகிறார்கள் என்பதை நாம் நெடுங்காலமாக அறிவோம். அன்று ஒரே மேசைக்கு இரண்டு முத்திரைகள் கேட்கப்பட்டன. நாம் எதையும் சொல்லாமல், அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டோம். அவர்கள் ஏமாற்றத்துடன் சென்றனர் என்பதை மறைப்பதற்கில்லை.

சொல்லாமைக்குக் காரணம் உண்டு. நாமும் முதலில் ஆசிரியர் பக்கமே சாய்ந்தோம். நிரந்தரமான வேலை, மதிப்பான தொழில், முதிய தாய், சொந்த வீடு. இவற்றையெல்லாம் விட்டு, மனைவியின் வேலைக்குப் பின்னே ஓர் ஆண்மகன் போவதா என்ற எண்ணம் நம் உள்ளத்திலும் எழுந்தது. பின்னர் நம்மை நாமே கேட்டுப் பார்த்தோம். ஆணை ஆசிரியருக்கு வந்து, அம்மையார் தம் வேலையை விடத் தயங்கியிருப்பின், 'கணவரோடு போவதுதானே முறை' என்று அந்த இரவே சொல்லி அனுப்பியிருக்க மாட்டோமா? சொல்லியிருப்போம். ஐயமின்றிச் சொல்லியிருப்போம்.

நம் மறைநூலில் அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியர் உண்டு. பேரரசர் கிளாவுதியு யூதரை உரோமையினின்று வெளியேற்றியபோது இவர்கள் கொரிந்துக்கு வந்தார்கள். பின்பு எபேசுக்குச் சென்றார்கள். பின்னர் மீண்டும் உரோமையில் காணப்படுகிறார்கள். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். எங்குச் சென்றாலும் தொழிலும் கூடச் சென்றது. வீடும் கூடச் சென்றது. அந்த வீடே அவ்வூர்ச் சபையின் கூடுமிடமாயிற்று. புதிய ஏற்பாட்டில் இவ்விருவர் பெயரும் ஆறு இடங்களில் வருகிறது. அவற்றுள் நான்கில் மனைவியின் பெயரே முதலில் நிற்கிறது. பிரசங்கத்தில் நாம் இருபது ஆண்டுகளாக இவர்களைப் பற்றிப் பேசி வந்திருக்கிறோம். இந்த வரிசையை ஒருமுறையேனும் மக்களுக்குச் சுட்டியதாக நினைவில்லை.

நிற்க. நாம் அவசரப்பட்டு விடை சொல்லாததற்கு மற்றொரு காரணமும் உண்டு. அது சற்றே வெட்கத்துடன் சொல்லவேண்டியது.

குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தபோது, மின்பணியாளர் ஒருவர் வளைகுடா நாட்டு வேலைக்கான தாளுடன் நம்மிடம் வந்தார். மணமாகி ஒன்றரை ஆண்டு, கைக்குழந்தை ஒன்று. 'இரண்டு ஆண்டுகள்தானே; துணிந்து போய் வா; கடவுள் பார்த்துக்கொள்வார்' என்றோம். இளங்குருவின் துணிவு! கடவுள் பார்த்துக்கொள்ளத்தான் செய்வார்; ஆனால் ஊதியத்தின் அளவு என்ன, அந்த ஊதியத்திற்குக் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அந்நாடு அனுமதிக்குமா என்று கேட்டறிய வேண்டியது நம் வேலையாயிருந்தது. நாம் கேட்கவில்லை. அந்நாடுகளில் குறிப்பிட்ட ஊதியத்திற்கு மேற்பட்டோருக்கே குடும்ப விசா என்பது பொது வழக்கம். அண்மையில்கூட, 2024 ஜனவரியில் குவைத் நாடு குடும்ப விசாவை மீண்டும் திறந்தபோது, மாதம் 800 தினார் ஊதியம் வேண்டுமென விதித்தது. மின்பணியாளருக்கும் தச்சருக்கும் அது எட்டாத உயரம்.

அந்த இரண்டு ஆண்டுகள் பதின்மூன்று ஆயின. முதலில் வீட்டுக்கு அடித்தளம்; பின்பு தங்கையின் திருமணம்; பின்பு வீட்டுக்கு மாடி. ஒவ்வொரு முறையும் 'இது ஒன்று முடியட்டும்' என்றே சொன்னார். இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. பதின்மூன்று ஆண்டுகளில் கணவனும் மனைவியும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நாள்களைக் கூட்டினால் ஓராண்டு. அவர் நிரந்தரமாகத் திரும்பியபின் அவ்வூர்ப் பக்கம் சென்ற நாம் அவர் இல்லத்திற்குப் போனோம். நல்ல வீடு. எல்லார்க்கும் தேநீர் வந்தது. வீட்டாருக்கு எவர்சில்வர் தம்ளர். நமக்கும் அவருக்கும் கண்ணாடிக் குவளை. விருந்தினர்க்கென்று அலமாரியில் வைத்திருப்பது அது. அவர் மனைவி அதை வேண்டுமென்று செய்யவில்லை, கை பழகிவிட்டது. அவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நாம் கவனித்தோம். அந்தத் தேநீர் நம் தொண்டையில் இறங்கவில்லை.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், 1151ஆம் விதியில், கூடிவாழ்வதைத் தம்பதியரின் கடமை என்பதோடு உரிமை என்றும் குறிக்கிறது. கடமை என்ற சொல்லையே நாம் மேடைதோறும் முழக்குகிறோம். உரிமை என்ற சொல் அந்தக் கண்ணாடிக் குவளையைப் பார்த்தபின்புதான் நமக்கு விளங்கிற்று.

அடுத்த வாரம் ஆசிரியரும் அம்மையாரும் வந்தபோது, உபதேசமொன்றும் செய்யாமல், சென்ற ஆண்டுப் பெருவிழா அழைப்பிதழ்களின் பின்புறத்தை அவர்கள்முன் வைத்து, கணக்கெழுதுங்கள் என்றோம். ஆசிரியருக்கு இது பிடித்திருந்தது. கணக்கு தம் பக்கமே பேசும் என்று எண்ணினார் போலும்.

பெரும்பாலும் பேசத்தான் செய்தது. இங்கே ஆசிரியரின் ஊதியமும் அம்மையாரின் பதினெட்டாயிரமும் சேர்ந்து மாதம் தொண்ணூறாயிரம் ரூபாய். இங்கிலாந்தின் தேசிய மருத்துவப் பணியில், பதிவு பெற்ற தொடக்கநிலைச் செவிலியரின் ஊதியம் 2025-26இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 31,000 பவுண்டு. ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேற்பட்டது, பெருக்கிப் பார்ப்பவருக்கு முப்பது இலட்சத்திற்கு மேல் வருகிறது, தலை சுற்றுகிறது. ஆனால் வாங்குவது பவுண்டு, செலவழிப்பதும் பவுண்டு என்பதைப் பெருக்கிப் பார்ப்பவர் மறந்துவிடுகிறார். வருமான வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியச் சந்தா ஆகியவை கழிந்தால் மாதம் கைக்கு வருவது ஏறத்தாழ 2,000 பவுண்டு. இரண்டு படுக்கையறை வீட்டின் வாடகை அதில் பாதியை விழுங்கும். பெருநகரமாயின் பாதிக்கும் மேல். உள்ளாட்சி வரி, மின்சாரம், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு, பேருந்து, உணவு. இவற்றிற்குப்பின் மிஞ்சுவதை அம்மையார் எழுதிய இடத்தில் பென்சில் முனை சிறிது நேரம் நின்றது. மேலும், அங்குச் சென்றபின் ஒரு செய்முறைத் தேர்வில் தேறினால்தான் செவிலியராகப் பதிவு கிடைக்கும். அதுவரை பல மருத்துவமனைகளில் ஊதியம் இன்னும் குறைவு. பயணச்செலவையும் தேர்வுச்செலவையும் மருத்துவமனையே ஏற்றாலும், இரண்டு மூன்று ஆண்டுக்குள் விலகினால் அவற்றைத் திருப்பிக் கட்டவேண்டும் என்ற விதி பல ஒப்பந்தங்களில் உண்டு. அம்மையாரின் தாளிலும் இருந்தது, பதினோராம் பக்கத்தில்.

நன்மைகளையும் எழுதினோம். மற்ற வேலைகளுக்குச் செல்வோர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவ வரி முன்கூட்டியே கட்டவேண்டும் என்பது 2024 பிப்ரவரி முதல் உள்ள விதி. பிள்ளைகளுக்குச் சற்றுக் குறைவு. மருத்துவப் பணிக்குரிய விசாவில் செல்பவருக்கும் குடும்பத்தினருக்கும் அது இல்லை. பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் கட்டணமில்லை. செவிலியர் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ அழைத்துச் செல்லலாம். உடன் செல்லும் துணைவர் ஏறக்குறைய எந்த வேலையும் பார்க்கலாம். குடும்பத்தினர் பின்னர் வந்து சேரவும் வழியுண்டு.

இனி மறுபக்கம். வேலை போனால் 60 நாள்களுக்குள் வேறு வேலை தருபவரைத் தேடிக்கொள்ள வேண்டும். இல்லையேல் குடும்பமே பெட்டி கட்டவேண்டும். அரசு உதவித்தொகைகளுள் பெரும்பாலானவற்றைக் கேட்க முடியாது. நிரந்தரமாகத் தங்கும் உரிமை ஐந்தாண்டில் கிடைக்கும் என்றே இதுவரை செவிலியர் பலரும் சென்றனர்; 2025 மே மாதம் அந்நாட்டு அரசு வெளியிட்ட கொள்கை அறிக்கை, பொதுவாக அதைப் பத்தாண்டாக உயர்த்தும் எண்ணத்தை அறிவித்தது. தாயாரை அழைத்துச் செல்லலாமா என்று ஆசிரியர் கேட்டார். சில மாதப் பயணமாக வந்து போகலாமே தவிர, முதிய பெற்றோரைத் தங்க வைப்பது 2012ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின் மிக அரிது. ஆசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அவருடைய தொழிலைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தியா உள்ளிட்ட சில நாடுகளின் ஆசிரியர்கள் இங்கிலாந்தில் தகுதிபெற்ற ஆசிரியராக அங்கீகாரம் கோரும் வழி 2023இல் திறக்கப்பட்டது. ஆனால் நம் நாட்டவருக்கு அது கணிதம், அறிவியல், மொழிகள் கற்பிப்போருக்கே உரியது. வரலாறு அதில் இல்லை. பதினாறு ஆண்டுகளாகத் தெருவில் நடந்தால் 'வணக்கம் சார்' என்ற குரலைக் கேட்டவர், அங்கே சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கவோ முதியோர் இல்லத்தில் படுக்கை விரிக்கவோ நேரும். வேலையில் இழிவில்லை என்று நாம் சொல்லலாம். பீடத்தில் நின்று சொல்வது எளிது. அவர் அமைதியாகக் கேட்டார்: "சாமி, நீங்க மறைமாவட்டம் விட்டு இன்னொரு நாட்டுக்குப் போயி, அங்க பூச வைக்கக் கூடாது, கோயில் கூட்டத்தான் செய்யணும்னா போவீங்களா?" நம்மிடம் விடையில்லை. இதை அவர் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். அதனால்தான் விடை சொல்ல இயலவில்லை.

அப்போது அதுவரை பேசாதிருந்த அம்மையார் பேசினார். கணக்கு தமக்கும் தெரியும் என்றார். இலாபம் பெரிதில்லை என்பது ஆணை வருமுன்னரே தெரியும் என்றார். "பதினாறு வருசமா நைட் டூட்டி பாக்குறேன் சாமி. மாசம் பதினெட்டாயிரம். ஒரு டாக்டரும் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல, 'சிஸ்டர்'தான். அந்தக் கடுதாசியில என் பேரு முழுசா போட்டு, உங்க அனுபவம் எங்களுக்கு வேணும்னு எழுதியிருந்தான். அத ஒரு தடவ பாத்துட்டு வரணும் சாமி." கணவர் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பதினான்கு ஆண்டு இல்லறத்தில் இதை அவர் முதன்முறையாகக் கேட்கிறார் என்று நமக்குப் பட்டது. பணத்திற்காகத்தான் மனைவி துடிக்கிறாள் என்று அவரும், தன் கௌரவத்திற்காகத்தான் கணவர் மறுக்கிறார் என்று அம்மையாரும் எண்ணி, மூன்று வாரமாகத் தவறான சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு சிறு விலகல். இத்தகைய காலங்களில் பங்கு அலுவலகத்திற்கு வரும் பெருந்தொல்லை பெயர்த்தொல்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் சூசையம்மாள், பள்ளிச் சான்றில் ஜோஸ்பின், கடவுச்சீட்டில் ஜோஸபின். தந்தை பெயர் ஒன்றில் முன்னும் ஒன்றில் பின்னும். திருமணப் பதிவேட்டில் உபதேசியாரின் கையெழுத்தில் யாருக்கும் புரியாத ஒரு நாலாம் பெயர். பிறகு, விமானத்திற்கு இரண்டு நாள் இருக்கையில், 'சாமி, ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக் கொடுங்கள்' என்பார்கள். பதிவேட்டை அவ்வாறு மாற்ற நமக்கு அதிகாரமில்லை. வெளிநாட்டு எண்ணம் இருப்பினும் இல்லாவிடினும், இன்றே உங்கள் சான்றுகளை ஒருசேர வைத்துப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையிருப்பின் முறைப்படி திருத்தக் காலம் இருக்கும். நாம் திட்டுவதும் குறையும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம், நம் பங்கு இளைஞர் சிலரின் கண்ணீரைப் பார்த்ததனால். மேலே சொன்ன உரிமைகள் பதிவு பெறும் செவிலியருக்கு உரியவை. முதியோர் இல்லங்களில் பராமரிப்புப் பணிக்குச் சென்றோர்க்கு, 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தை அழைத்துச் செல்லும் உரிமை நீக்கப்பட்டது. 2025 ஜூலை 22 முதல் அப்பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுப்பதையே அந்நாடு நிறுத்திவிட்டது. ஆயினும் அதைக் காட்டிப் பல இலட்சம் கேட்கும் இடைத்தரகர் ஒழியவில்லை. மருத்துவப் பணியாளரிடம் வேலை தேடித் தருவதற்காகக் கட்டணம் வாங்கக் கூடாதென்பது அந்நாட்டின் நெறிமுறை. நம் நாட்டிலும், பதிவு பெற்ற முகவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும் என்று உச்சவரம்பு உண்டு. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கி வருகிறது. தாலியை அடகு வைக்குமுன் அங்கே ஒருமுறை விசாரிக்கலாகாதா?

பிள்ளைகளைப் பற்றி யார் கேட்டார்கள்? நாமும் கேட்கவில்லை; மூன்றாம் வாரம்தான் நினைவு வந்தது. மகன், பனி பெய்யுமா என்று மட்டும் கேட்டானாம். மகள் அழுதிருக்கிறாள். அங்கே பதினாறாம் வயதில் பொதுத்தேர்வு. அதற்குரிய பாடங்களைப் பெரும்பாலும் பதினான்காம் வயதில் தொடங்குவர். எனவே போவதாயின் அதற்குமுன் போவதே பிள்ளைக்கு நல்லது. நடுவில் போனால் இரண்டு கரையும் இல்லாமற் போகும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் மற்றொன்றையும் எண்ணவேண்டும். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடம் 2020 முதல் உண்டு. நடுவே சில ஆண்டு வெளிநாட்டில் படித்துத் திரும்பும் பிள்ளை அவ்வுரிமையை இழக்கும். இவர்தம் மகள் உதவிபெறும் பள்ளியில் பயில்வதால் அந்தக் கேள்வி எழவில்லை. அவள் அழுதது வேறு காரணத்திற்காக. பாட்டியை யார் கையைப் பிடித்துப் பூசைக்கு அழைத்துப்போவது என்று கேட்டாளாம்.

அந்தப் பாட்டியாரை முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டு சென்றபோது கண்டோம். கால் வீங்கியிருந்ததால் அவர் அன்று கோயிலுக்கு வரவில்லை. நாம் எதையும் தொடங்கவில்லை, அவரே தொடங்கினார்.

"எங்க அப்பா கொழும்புல ஒரு கடையில கணக்கு எழுதினாங்க சாமி. வருசத்துக்கு ஒரு தடவ மாதா பெருவிழாவுக்கு வருவாங்க. டிரங்குப் பெட்டியத் திறந்தா ஒரு வாசன வரும். அந்த வாசனதான் எங்களுக்கு அப்பா."

நம் கடற்கரையின் வரலாறு அறிந்தோர்க்கு இது புதிதன்று. தூத்துக்குடியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் கொழும்பை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அநேகம். கடல் கடப்பது அக்காலத்தில் பக்கத்து ஊருக்குப் போவது போல. விடுதலைக்குப்பின் கடவுச்சீட்டும் விசாவும் பணம் அனுப்பும் கட்டுப்பாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடித் துறையையே அழித்தது. அக்கரையில் கணவனும் இக்கரையில் மனைவியுமாக முதுமையெய்திய தம்பதியர் நம் கல்லறைத் தோட்டங்களில்தான் அருகருகே படுத்திருக்கின்றனர்.

"எங்க அம்மா, 'என்னையும் கூட்டிட்டுப் போங்க'ன்னு ஒரு நாளும் கேக்கல. மாமியாரப் பாக்கணும்னு இங்கேயே இருந்தாங்க. அந்தப் பாட்டி தொண்ணூறு வயசு வர இருந்தாங்க" என்று சொல்லி அந்த மூதாட்டி சிரித்தார். பின்பு, "நானும் அப்படி இருந்துட்டா என்ன பண்றது சாமி? எனக்காக அவன் இங்க நிக்க வேண்டாம். ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நான் போகச் சொன்னேன்னு தெரிஞ்சா, அம்மாவுக்கு நம்ம வேண்டாம்னு நெனச்சிக்குவான்" என்றார்.

அவர் கேட்டபடியே நாம் சொல்லவில்லை. இந்த இதழ் வரும்போது ஆசிரியர் படித்துக்கொள்வார். பாட்டியாரிடம் முன்னரே உத்தரவு வாங்கிவிட்டோம்.

முடிவை அவர்களே எடுத்தார்கள். எல்லாரும் ஒன்றாகப் புறப்படுவதென்றால் மகளின் பள்ளியாண்டு பாதியில் முறியும்; அம்மையார் தனியே சென்று காலவரையின்றி இருப்பதென்றால், நாம் கண்ட அந்தக் கண்ணாடிக் குவளை. அதை அவர்களிடம் கூறியிருந்தோம். ஆதலின் அம்மையார் செப்டம்பரில் முதலில் செல்வது, செய்முறைத் தேர்வில் தேறிப் பதிவு பெறுவது, பள்ளியாண்டு முடிந்ததும் மே மாதத்தில் ஆசிரியரும் பிள்ளைகளும் சென்று சேர்வது என்று நாளைக் குறித்தார்கள். எக்காரணம் கொண்டும் அந்த மே மாதம் அடுத்த மே மாதமாகக் கூடாது என்பதை அம்மையாரே வற்புறுத்தி எழுதச் சொன்னார். ஆசிரியர் வேலையை விட்டு விலகவில்லை. ஊதியமில்லா நீண்ட விடுப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார். பள்ளி நிர்வாகமும் கல்வித்துறையும் இசைய வேண்டும். விடுப்பு முடியும்போது அங்கேயா இங்கேயா என்று மீண்டும் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. பாட்டியார், அதே தெருவில் நான்காம் வீட்டில் தனியே வாழும் தம் தங்கையோடு சேர்ந்து இருக்கச் சம்மதித்தார். இரண்டு மூதாட்டியரும் சிறு வயதிலிருந்தே ஒத்துப் போனதில்லை என்பது ஊரறிந்த செய்தி. 'பொழுது போகும்' என்கிறார் பாட்டியார்.

இது சரியான முடிவா என்று எம்மைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தெருவில் சிலர் ஆசிரியரைப் பார்த்து, 'என்ன சார், வீட்டுக்காரம்மா சம்பளத்துல சீமைக்குப் போறீங்களாமே' என்கிறார்கள். ஒருவர் அதைப் பங்குப் பேரவைக் கூட்டத்திலேயே சொன்னார். ஆசிரியர், 'ஆமாம் அண்ணாச்சி, அவ போகச் சொல்லல, கூப்பிட்டா' என்று சொல்லிவிட்டு அடுத்த தீர்மானத்தை வாசித்தார். இவ்வளவு சுருக்கமாக அவர் பேசி நாம் கேட்டதில்லை, வரலாற்று ஆசிரியரல்லவா!

அம்மையார் முதல்முறை செய்முறைத் தேர்வில் தவறினார். அன்றிரவு ஆசிரியர் நம்மிடம் வந்து, 'திரும்பி வந்துவிடச் சொல்லட்டுமா?' என்று கேட்டார். நாம் விடை சொல்லுமுன் அவரே, 'வேண்டாம். அவள் கேட்கட்டும்' என்று எழுந்து போனார். அம்மையார் கேட்கவில்லை. இரண்டாம் முறை தேறினார். இப்போது ஆசிரியர் காலையில் சமைக்கிறார். சாம்பாரில் புளி மிகுந்துவிடுகிறதென்று மகள் பள்ளியில் சொல்லித் திரிகிறாள். விடுப்பு ஆணை இன்னும் வரவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு அவ்வில்லத்தில் செபமாலை. அங்கே அப்போது பிற்பகல் மூன்றரை. பணியில்லாத நாள்களில் அம்மையார் வாட்ஸ்அப் வழியே சேர்ந்துகொள்கிறார். கைப்பேசியைப் பாட்டியார் பீடத்தில் மாதா சுரூபத்தின்மேல் சாய்த்து வைத்திருக்கிறார். நடுவே இணைப்பு அறுந்துவிடும். பேத்தி, அம்மா மீண்டும் வரும்வரை நிறுத்தவேண்டும் என்கிறாள், பாட்டியார் நிறுத்துவதில்லை. இணைப்பு மீண்டதும், யார் எந்த மணியில் இருக்கிறார்கள் என்பதில் பாட்டிக்கும் பேத்திக்கும் நாள்தோறும் சச்சரவு. சென்ற வாரம் நாம் அங்கே இருந்தபோது பாட்டியார் ஏழாம் மணியிலும் அம்மையார் நான்காம் மணியிலும் இருந்தனர். ஆசிரியர் நம்மைப் பார்த்தார். நாம் ஐந்து என்றோம், அங்கிருந்து தொடங்கினோம்.